யூரியா கேனில் ஊற்றச் சொல்லி நீல பாட்டில் விற்கிறார்கள், லாரிக்காரர்கள் கவனம்

நாமக்கல், சேலம், சங்ககிரி பக்கம் பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், பக்கத்து ஓனருக்கும் சொல்லிவிடுங்கள். வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து, புகையைச் சுத்தமாக்க வண்டிக்கு ஊற்றும் யூரியா கரைசல் கேனில் கலக்கச் சொல்லி ஒரு லிட்டர் நீல பாட்டில் விற்கிறார்கள். பாட்டில் 280 ரூபாய். இதைக் கலந்தால் உப்பு கட்டாது, யூரியா செலவு 40 சதவீதம் குறையும் என்பது அவர்கள் பேச்சு. நான் 12 பாட்டில் வாங்கினேன். அதனால் வந்த ரிப்பேர் செலவு 86,000 ரூபாய். மூன்று நாள் வண்டி நின்ற நட்டம் தனி.

எங்கள் வீட்டில் இரண்டு லாரி. ஒன்று அப்பா காலத்து பழைய வண்டி; அதற்கு யூரியாவும் வேண்டாம், சென்சாரும் கிடையாது. இன்னொன்று 2021இல் கடன் போட்டு எடுத்த பி.எஸ்.6 பன்னிரண்டு சக்கரம். சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போகும், திரும்பும்போது தாவணகெரெயில் மக்காச்சோளம் கிடைத்தால் கோழித்தீவனத்துக்கு ஏற்றி வரும். தொந்தரவு கொடுத்தது இந்தப் புது வண்டிதான். ஒரே வருடத்தில் இரண்டு முறை டோசரில் உப்பு கட்டிக்கொண்டது. டோசர் என்பது சைலன்சருக்குள் யூரியாவைத் தெளிக்கும் ஊசி. கழற்றிப் பார்த்தால் அதன் வாயில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக அடைத்திருக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வீஸ், லோடு தாமதம், வாடகையில் பிடித்தம். அந்த எரிச்சலில் இருந்தவனிடம்தான் அந்த ஆள் வந்தார்.

சும்மா வரவில்லை. கையடக்க கேஸ் அடுப்பு, ஒரு தோசைக்கல், இரண்டு கண்ணாடி டம்ளர். ஒரு டம்ளரில் சாதா யூரியா தண்ணீர், இன்னொன்றில் "எங்க மருந்து கலந்தது". கல் காய்ந்ததும் ஒரு பக்கம் ஒரு ஸ்பூன், மறுபக்கம் ஒரு ஸ்பூன் ஊற்றினார். முதலாவது சுருசுருவென்று காய்ந்து தடித்த வெள்ளைப் பொருக்காக நின்றது. இரண்டாவது ஆவியாகிப் போய், லேசான கறை மட்டும். "பாத்தீங்களாண்ணா? இதேதான் உங்க சைலன்சருக்குள்ள நடக்குது" என்றார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் தலையாட்டினோம். தோசைக்கல்லைக் காட்டி விளக்கினால் நமக்கு எதுவும் புரிந்துவிட்டது போலத்தான் இருக்கும்.

எங்கள் டிரைவர் அப்பாவிடம் இருபது வருடம் ஓட்டியவர். "வேண்டாங்க தம்பி, கம்பெனிக்காரன் கேன்ல எதையும் கலக்காதீங்கன்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கான்" என்றார். "ஒரு தடவை பாத்துடலாங்கண்ணா" என்று நான்தான் வாயை அடைத்தேன். இதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

பேராசைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் என் வண்டிக்கு 2,500 லிட்டர் டீசல் ஆகும். யூரியா அதில் 5 சதவீதம் என்று வையுங்கள், 125 லிட்டர், அதாவது ஆறு கேன். கேன் 1,200 என்றால் 7,200 ரூபாய். இதில் 40 சதவீதம் மிச்சமானாலும், பாட்டில் விலையைக் கழித்தால் மாதம் 2,000 ரூபாய்கூடத் தேறாது. இந்தக் கணக்கை நான் வாங்கும்போது போடவில்லை. ஓசூர் சர்வீஸ் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் போட்டேன்.

அவர் சொன்ன அளவு: முதல் கேனுக்கு இரண்டு பாட்டில், பிறகு கேனுக்கு ஒன்று. அப்படியே கலந்தோம். முதல் டிரிப்பில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது டிரிப்பில், திரும்பி வரும் வழியில் யூரியா லைட் எரிந்தது. அவருக்குப் போன் போட்டேன். "உள்ள இருக்கிற பழைய உப்பெல்லாம் கரையுதுங்கண்ணா, சென்சார் பழகிக்கும், கண்டுக்காதீங்க" என்றார். நானும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த லோடு ஜவ்வரிசி, கோலாப்பூருக்கு. தொப்பூர் மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. கியரைக் குறைத்துக் குறைத்து, பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, எப்படியோ ஏறியிருக்கிறார் டிரைவர். கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் வேகம் 20ஐத் தாண்டவில்லை. பி.எஸ்.6 வண்டியில் இது வைத்தே கட்டியது. யூரியா தீர்ந்தாலும் தரம் கெட்டாலும் முதலில் லைட், அப்புறம் இழுவை குறையும், கடைசியில் நடைவேகம். ஓசூர் வரைக்கும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டரை மாட்டுவண்டி போல ஊர்ந்து போய்ச் சேர்ந்தார். நான் பஸ் பிடித்து அங்கே போனேன்.

சர்வீஸ் இன்ஜினியர் யூரியா டேங்க் மூடியைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே நுரை. துணி ஊறவைத்த பக்கெட் மாதிரி. டேங்குக்குள் இருக்கும் சென்சார் ஒலி அலையை அனுப்பித்தான் கரைசலின் அடர்த்தியை அளக்கிறதாம். குமிழி இருந்தால் அதற்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது. பிறகு சின்ன டார்ச் மாதிரி ஒரு கருவியில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். ரிஃப்ராக்டோமீட்டர். கோடு 30ஐ ஒட்டி நின்றது. இருக்க வேண்டிய யூரியா 32.5 சதவீதம், 31.8க்குக் கீழேயும் 33.2க்கு மேலேயும் போகக் கூடாது என்கிறது ஐ.எஸ்.ஓ. 22241 தரம். பாட்டிலில் இருந்ததைத் தனியாக வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். யூரியா கேனில் நானே காசு கொடுத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

வெறும் தண்ணீராக இருந்திருந்தால் டேங்கைக் கழுவி அனுப்பியிருப்பார்கள். அதில் சோப்பும் சாயமும் இருந்தன. அந்தத் தரம் சோடியத்துக்குக் கொடுக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 20 லிட்டர் கேனின் எடை ஏறக்குறைய 22 கிலோ, ஆக மொத்தக் கேனுக்கும் 11 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகை உப்பு போட்டாலே இதைப் பல மடங்கு தாண்டிவிடும். பாஸ்பேட்டுக்கும் அதே 0.5. சோப்பு வகையறாவில் சோடியத்துக்கு என்ன பஞ்சம்? இவையெல்லாம் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் மேல் படிந்து அதைச் செத்துப்போக வைக்கும், கழுவினால் போகாது என்றார் இன்ஜினியர். டோசர் மாற்றல், பில்டர், பம்ப் சர்வீஸ், டேங்க், லைன் கழுவல் எல்லாம் சேர்ந்துதான் 86,000. கேட்டலிஸ்ட் இன்னும் வேலை செய்கிறது, ஆனால் பாதி மனதோடு. வாரண்டி கேட்டேன். ஜாப் கார்டில் "கலப்படக் கரைசல்" என்று எழுதியிருந்ததைக் காட்டினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

அங்கே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதில் இன்னொன்று. சூடான புகையில் யூரியாத் தூறல் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி, யூரியா உடைந்து அமோனியா ஆகிறது. அந்த அமோனியாதான் கேட்டலிஸ்டில் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்து நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. இவ்வளவு நச்சுக்கு இவ்வளவு அமோனியா என்பது ரசாயனக் கணக்கு, பேரம் பேச முடியாது. "யூரியா செலவு 40 சதவீதம் குறையும்" என்று ஒருவர் சொன்னால், புகை அந்த அளவுக்குச் சுத்தமாகாது என்றுதான் அர்த்தம். கரைசல் நீர்த்திருந்தால், வண்டியில் இருக்கிற கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்ட இன்னும் அதிகமாகத்தான் தெளிக்கும்.

புகை போதுமான சூட்டில் இல்லாவிட்டால் துளிகள் குழாய்ச் சுவரில் பட்டு உறைகின்றன. முதலில் வருவது வெறும் யூரியா உப்பு, வெந்நீரில் கரைந்துவிடும். அதுவே மேலும் மேலும் வெந்தால் பையூரெட், சயனூரிக் அமிலம் என்று உருமாறிக் கல்லாகிவிடும். இந்தக் கல் லேசில் கரையாது. சேர்மானம் போட்டு உப்பைக் குறைக்கலாம் என்ற எண்ணம் முழுப் பொய் இல்லை. துளி இன்னும் பொடியாகச் சிதறுவதற்குப் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள், படிவு கல்லாகாமல் தடுக்க டைட்டானியம் சேர்மம் என்று ஆய்வுக்கூடங்களில் முயன்றிருக்கிறார்கள். ஐரோப்பாவில் கார்களுக்கென்று இப்படிச் சேர்மானம் விற்கவும் செய்கிறார்கள். இந்த ஆளுக்கு அதுதான் வசதி. எங்கேயோ உள்ள ஒரு உண்மையின் நிழலில் சோப்புத் தண்ணீரை விற்றுவிட்டார். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த தேதி, என்ன கலந்திருக்கிறது, எதுவுமே அந்த பாட்டிலில் இல்லை. நல்ல ஆட்ப்ளூவுக்கு (இந்த யூரியா கரைசலின் சந்தைப் பெயர்) நிறமே கிடையாது, பெயரில் மட்டும்தான் நீலம் என்பதாவது எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் தோசைக்கல் வித்தை. ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று நானும் வாங்கி, வீட்டில் செய்து பார்த்தேன். புதுக் கேனில் இருந்து ஒரு ஸ்பூன், அதே யூரியாவில் ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஒரு ஸ்பூன். முதலாவது பொருக்காயிற்று, இரண்டாவது லேசான கறை. அவர் காட்டிய அதே காட்சி, மருந்து ஒரு சொட்டும் இல்லாமல். "ஊருக்கே புத்தி சொல்ற ஆளு, இப்படியா ஏமாறுவீங்க" என்று வீட்டம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

எனக்கு முதலில் உப்பு கட்டியதற்கு என்ன காரணம் தெரியுமா? இன்ஜினியர் ஒரே கேள்வி கேட்டார்: "வண்டியை நிறுத்தினதும் பேட்டரி மெயின் ஸ்விட்சை யார் ஆஃப் பண்றது?" பேட்டரி இறங்குகிறதே என்று, இன்ஜின் நின்ற அடுத்த நொடியே கட் பண்ணச் சொன்னது நான்தான். இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் சிறிது நேரம் ஓடி, லைனில் நிற்கும் யூரியாவை டேங்குக்கே திருப்பி இழுக்கும். அதற்குள் கரண்ட்டை வெட்டினால் லைனிலும் டோசரிலும் அது அப்படியே காய்ந்து உப்பாகிவிடும். இரண்டு, மூன்று நிமிடம் பொறுத்து ஆஃப் பண்ணினால் போதும். இப்போது அப்படித்தான் செய்கிறோம். ஓசூரிலிருந்து வந்த பிறகு டோசரில் உப்பு கட்டவில்லை. இதற்கு மருந்தும் வேண்டாம், 280 ரூபாயும் வேண்டாம்.

அதே ஆள் பையில் இன்னொரு சரக்கும் வைத்திருந்தார். வயலுக்குப் போடும் யூரியாவையே ஆட்ப்ளூவாக மாற்றும் பவுடராம். தொடவே தொடாதீர்கள். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பது அரசு மானியத்தால். 2015இலிருந்து அதில் வேப்ப எண்ணெய் பூசியே வருகிறது. கட்டி தட்டாமல் இருக்க ஃபார்மால்டிஹைடும் சேர்ப்பார்கள். இரண்டுமே டோசருக்கும் கேட்டலிஸ்டுக்கும் எமன். போதாததற்கு, மானிய யூரியாவை வேறு வேலைக்குத் திருப்பினால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கேஸ் ஆகும். சென்சாரை ஏமாற்ற பாக்ஸ் மாட்டித் தருகிறேன் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். ஒரு தடவை ஏமாந்தது போதும் என்று வந்துவிட்டேன்.

பணத்தைத் திரும்ப வாங்க முயன்றேன். அவர் கொடுத்தது பில் இல்லை, துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் கிடையாது, "லூப்ரிகன்ட் 12" என்று மட்டும் கிறுக்கியிருந்தார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். சொந்தப் பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கும் வழி இருக்கிறது, ஆனால் யார்மேல் புகார் என்பதற்குப் பெயரும் முகவரியும் வேண்டுமே. போன் ஒரு வாரம் அடித்தது, பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

கேன் வாங்கும்போது சீல், தயாரித்த தேதி, பேட்ச் எண் பாருங்கள். தகர ஷெட்டில் அடுக்கி வைக்காதீர்கள். 35 டிகிரி சூட்டில் ஆறு மாதம்தான் தாங்கும், நம் ஊர் சித்திரை வெயிலில் அதுகூடச் சந்தேகம். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் நல்லதுதான், ஆனால் அது அடர்த்தியை மட்டும் சொல்லும். சோப்பும் உப்பும் கலந்திருந்தால் காட்டிக்கொடுக்காது.

போன வாரம் சங்ககிரியில் ஒரு நண்பர் கூப்பிட்டார். அங்கேயும் ஒருவர் அடுப்பும் கல்லுமாக வந்திருக்கிறாராம், பாட்டில் இப்போது பச்சை நிறமாம். நான் சொல்லிக் கொடுத்தபடி நண்பர் தன் லாரியிலிருந்து சீல் உடைக்காத கேனை எடுத்து வந்து, "உங்க டம்ளரை வைங்க, இதுல கலந்து ஊத்துங்க" என்றிருக்கிறார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று அடுப்பை மடக்கிக்கொண்டு போய்விட்டாராம்.