ஈபே ஏலம்: விற்பவர் இடத்திலிருந்து ஒரு மதிப்பீடு

1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய இணைய ஏலத் தளமான ஈபேயில், ஏலம் முடிந்த கையோடு ‘பொருள் எங்கே?’ என்று நச்சரிப்பவரைச் சமாளிக்க விற்பவருக்கு உள்ள வசதிகள் குறைவு. அனுப்ப எத்தனை வேலைநாள் ஆகும் என்பதை முன்கூட்டியே குறிப்பிடலாம். ஒரு நாள் கூட்டிச் சொல்வதே என் வழக்கம். கண்காணிப்பு எண்ணை உடனே பதிவேற்றினால் பாதிக் கேள்விகள் அடங்கிவிடுகின்றன.

நெருடுவது மதிப்புரை விதிதான். பழிக்குப் பழியாக எழுதப்படும் மதிப்புரைகளைத் தடுக்க, வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எழுதுவதை 2008-இல் ஈபே நிறுத்தியது. நோக்கம் நியாயமானதே எனினும், பிரம்பு இப்போது ஒருவர் கையில் மட்டுமே இருக்கிறது. நான்கு நாள்களாகியும் பணம் செலுத்தாதவரின் ஆர்டரை ரத்து செய்து, அவரைத் தடைப்பட்டியலில் சேர்க்க முடிவது சிறு ஆறுதல்.