துருச் சீசா வேண்டாம், பென்சில் போதும்

ஓடுகிற டாங்கியின் டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிச் சங்கிலி, ஆரஞ்சு நிறத்தில் இருக்காது. மாடல் டாங்கிகளின் டிராக்குக்கென்றே விற்கும் வண்ணப் பெட்டிகளைப் பார்த்தால் இது யாருக்கும் தெரியவில்லையோ என்று தோன்றுகிறது. புல்டோசர் பராமரிப்பில் காலம் தள்ளியவன் நான். மழையில் இரவு முழுக்க நின்ற வண்டியின் டிராக்கில் காலையில் ஆரஞ்சுப் படலம் பூத்திருக்கும், உண்மைதான். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் தரையில் உரசும் இடமெல்லாம் பளிச்சென்று வெளுத்துவிடும். மற்ற இடங்களை மண் மூடிக்கொள்ளும். இடுக்குகளில் நிலைத்து நிற்பது கரும்பழுப்பு. அந்தக் கண்ணோடுதான் நான் வாங்கியவற்றை மதிப்பிடுகிறேன். மாடல்கள் இரண்டும் 1/35 அளவு, நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு: உலோகக் கண்ணிகள் கோத்த சோவியத் டாங்கி டி-34/85, பிளாஸ்டிக் டிராக் கொண்ட அமெரிக்க டாங்கி ஷெர்மன்.

முதலில் துருத் தொகுப்பு. நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். வெளிர் துரு, நடுத்தரத் துரு, கருந்துரு என்று மூன்று சீசா, கூடவே இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணமான வாஷ் ஒன்று. உறையில் உள்ளபடி வரிசையாகப் பூசினால் பத்தாண்டு புதரில் கிடந்த டாங்கி கிடைக்கும். கைவிடப்பட்ட வண்டி செய்பவருக்கு அது சரி. போர்க்களத்தில் ஓடும் வண்டிக்குச் சரியல்ல. எனக்கு உதவியது கருந்துரு மட்டும், அதுவும் டிராக்கில் அல்ல, புகைபோக்கியில். வெப்பம் பட்டு பெயின்ட் உரிந்து நிஜமாகவே துருப்பிடிக்கும் இடம் அதுதான்.

உலோகக் கருமையாக்கும் திரவத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவழித்த காசுக்கு முழுப் பலன் தந்தது அது. ஹங்கேரியின் ஃப்ரியுல்மாடல் போன்ற நிறுவனங்கள் தரும் வெள்ளை உலோகக் கண்ணிகளுக்கானது. கண்ணிகளைக் கம்பியில் கோத்து முடித்த பிறகு, டிராக்கை அசிட்டோனில் போட்டுப் பழைய பல் துலக்கியால் நன்றாகத் தேய்க்க வேண்டும். கைப்பிசுக்கு இருந்த இடத்தில் திரவம் பிடிக்காது. விரல் ரேகை அப்படியே வெளுப்பாக நிற்கும். பிறகு கண்ணாடித் தட்டில் டிராக்கை வைத்து, மூழ்கும் அளவுக்குத் திரவம் ஊற்ற வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளி நிறம் மங்கிச் சாம்பலாகிறது, சாம்பல் பழுப்பாகிறது, பழுப்பு கறுக்கிறது. வார்ப்பின் மேடுகளில் ஒரு நிறம், பள்ளங்களில் ஒரு நிறம், நாம் எதுவும் செய்யாமலே. வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷை எவ்வளவு பழகியவரும் இந்தத் திட்டுத்திட்டான நிறத்தைக் கையால் கொண்டுவருவது கடினம். வேண்டிய கருமை வந்ததும் எடுத்து நிறையத் தண்ணீரில் அலசி, மெல்லத் தேய்த்து, முழுவதும் உலர விட வேண்டும். ஈரம் தங்கினால் மூட்டுகளில் வெண்பொடி படிகிறது.

கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். பயன்படுத்திக் கலங்கிய திரவத்தைத் திரும்பச் சீசாவுக்குள் ஊற்றினால் மீதி இருப்பதும் வலுவிழக்கும். வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள்: சில திரவங்கள் பித்தளைக்கு மட்டுமே, சில வெள்ளை உலோகத்துக்கு. பிளாஸ்டிக்கை எதுவும் ஒன்றும் செய்யாது.

கறுத்த டிராக்கின் வெளிமுகத்தை மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் உள்ளிருக்கும் உலோகமே புதுக்காசு போல மின்னுகிறது. எங்கே மின்ன வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டி-34-இல் டிராக்கை இழுக்கும் ஓட்டுச்சக்கரத்துக்குப் பற்கள் கிடையாது. இரண்டு வட்டுகளுக்கு நடுவே உள்ள உருளைகள், ஒன்றுவிட்டு ஒரு கண்ணியில் நிற்கும் கொம்பைப் பிடித்துத் தள்ளுகின்றன. எனவே தேய்ந்து மின்ன வேண்டியது கொம்பின் முகம். ஜெர்மன் டாங்கியான டைகரில் சக்கரத்தின் பற்கள் கண்ணியின் துளைகளுக்குள் இறங்குகின்றன. அங்கே மின்ன வேண்டியது துளை ஓரம். தாங்குசக்கரங்கள் ஓடும் உட்புறத் தடத்தையும் கவனிக்க வேண்டும். ரப்பர் விளிம்புச் சக்கரம் என்றால் தடம் வழவழவென்று மங்கிய கருமை. டைகரில் 1944-இல் வந்த எஃகு விளிம்புச் சக்கரம் என்றால் பளபளப்பு. சோவியத் டிராக்குகள் மாங்கனீசு எஃகில் வார்த்தவை. ராபர்ட் ஹாட்ஃபீல்ட் 1882-இல் கண்டுபிடித்த அந்த எஃகு அடிபட அடிபட மேற்பரப்பில் இறுகும். கல்லிலும் மண்ணிலும் மோதுகிற விளிம்புகள் மெருகேறித் தெரிவதில் வியப்பில்லை. புல்டோசரிலும் நான் பார்த்தது இதுதான்.

ஷெர்மனுக்கு இந்தச் சங்கதி எதுவும் பொருந்தாது. என் பெட்டியில் வந்தது டி48 வகை, அதாவது ரப்பர் கட்டைகளில் கோண வரிகள் கொண்டது. ரப்பருக்கு வெள்ளி மினுக்கு பூசிய ஷெர்மன்களைப் போட்டிகளில்கூடப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்காமல் நகர்ந்துவிடுவேன். ரப்பர் தேய்ந்தால் சாம்பல் கலந்த கருப்பாகத்தான் ஆகும். இதில் உலோகம் தெரிவது கட்டைகளை இரு ஓரத்திலும் பிணைக்கும் இணைப்பான்களில். ஓட்டுச்சக்கரப் பற்கள் கடிப்பதும் அவற்றைத்தான்.

இங்கே டாமியாவின் எக்ஸ்எஃப்-84 என்ற கருமை இரும்பு நிறம் நன்றாகக் கைகொடுத்தது. இணைப்பான்களுக்கு அதை மட்டும் மெல்லிய படலங்களாக ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். கனமாக ஒரே தடவையில் அடித்தால் அச்சு விவரங்கள் அடைபடும். ரப்பருக்குத் தட்டைக் கருப்பில் கொஞ்சம் சாம்பல் கலந்தால் போதும். முழுக் கருப்பு இந்தச் சிறிய அளவில் ஓட்டை போலத் தெரியும். பெட்டியில் வினைல் டிராக் வந்திருந்தால் பூசுமுன் சோப்பு நீரில் கழுவிக்கொள்ளுங்கள், அச்சு எண்ணெய் போகட்டும். எனாமல் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னரை அதன்மேல் தாராளமாக விடாதீர்கள். சில வினைல்கள் அதனால் நொறுங்கும் தன்மையாகிவிடும்.

அடுத்தது பிக்மென்ட் தூள், அதாவது மண்ணும் தூசியும் காட்டப் பயன்படும் நிறப்பொடி. ஒரே ஒரு மண் நிறம் வாங்குங்கள், வண்டியின் சேற்றுக்கும் டிராக்குக்கும் அதுவே இருக்கட்டும். உடலில் செம்மண்ணும் டிராக்கில் சாம்பல் மண்ணுமாக ஒரே டாங்கி இரண்டு நாட்டில் ஓடிவந்த மாதிரி மாடல்கள் எத்தனையோ. உலர்ந்த தூளைப் பள்ளங்களில் தட்டி நிரப்பி, எனாமல் தின்னரில் நனைத்த தூரிகை நுனியால் தொட்டால் அது தானாகவே பரவிப் பிடித்துக்கொள்கிறது. நனைந்தவுடன் நிறம் கறுத்துத் திகிலூட்டும். உலர்ந்ததும் வெளுக்கும், பொறுத்திருங்கள். மேடுகளில் ஒட்டியதை விரலால் துடைத்துவிடலாம்.

கடைசியாக 4பி பென்சில். பெட்டியில் எழுதப்படாத இந்தப் பொருளுக்குத்தான் முழு மதிப்பெண். முனையைப் பக்கவாட்டில் சாய்த்து, இணைப்பான் ஓரங்களிலும் கொம்புகளிலும் உரசினால் கிராஃபைட் படிந்து தேய்ந்த எஃகின் மங்கிய மினுக்கு வருகிறது. வெள்ளிப் பெயின்ட் உலோகத்தைப் பூசியது போலத் தெரியும். கிராஃபைட் தேய்ந்தது போலத் தெரியும். பிளாஸ்டிக், வினைல், முப்பரிமாண அச்சில் எடுத்த கண்ணி எதிலும் வேலை செய்கிறது. நிபந்தனை இரண்டு: தூள் வேலை எல்லாம் முடிந்த பிறகே பென்சிலை எடுக்க வேண்டும், அதற்குமேல் மேட் வார்னிஷ் அடிக்கக் கூடாது, அடித்தால் மினுக்கு செத்துவிடும். வார்னிஷ் இல்லாத கிராஃபைட் விரல் பட்டால் உதிரும் என்பதால், மாடலைத் தூக்கும்போது டிராக்கைப் பிடிக்காமல் உடலின் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது.