ஸ்கைரிமின் .இனி (.ini, செட்டிங்ஸ்) கோப்பைத் திருத்த எது நல்லது: நோட்பேடா, நோட்பேட்++ஆ, பெத்இனியா?

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டின் செட்டிங்ஸ் எல்லாம் டாக்குமென்ட்ஸுக்குள் மை கேம்ஸ் ஃபோல்டரில், ஸ்கைரிம்.இனி, ஸ்கைரிம்ப்ரெஃப்ஸ்.இனி என்ற இரண்டு கோப்புகளில்தான் இருக்கின்றன. மூன்று வழியிலும் திருத்திப் பார்த்துவிட்டேன்.

ஒரே ஒரு எண்ணை மாற்ற நோட்பேட் போதும். ஆனால் ஸ்கைரிம்கஸ்டம்.இனி என்று (நம் சொந்த மாற்றங்களை மட்டும் எழுதிவைக்க) புதிதாக ஒரு கோப்பு உருவாக்கும்போது அது பெயரின் கடைசியில் .டிஎக்ஸ்டி (.txt) என்று ஒட்டிவிடலாம், விண்டோஸ் அந்த வாலைக் காட்டாது, நாம் எழுதியது எதுவும் ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான் (அனுபவம்!).

நோட்பேட்++ இதைவிட நிம்மதி. கோப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதித் தலைப்புகள் தனி நிறத்தில் தெரியும், அதனால் டிஸ்ப்ளே என்ற அதே தலைப்பை எங்கேயோ காப்பி அடித்து இரண்டாவது முறை ஒட்டியிருந்தால் சட்டென்று கண்ணில் படும். கையால் திருத்துபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பெத்இனி வேறு ரகம், இந்தக் கோப்புகளை நமக்காகத் திருத்தித் தரும் தனி மென்பொருள். கிராஃபிக்ஸ் தரத்தை லோ, மீடியம், ஹை, அல்ட்ரா என்று தேர்ந்தெடுத்தால் போதும், பழைய கோப்பையும் எடுத்து வைத்துக்கொள்ளும். புதிதாக வருபவர்களுக்கு இதையே சொல்வேன். ஒரே குறை, ஒரு சொடுக்கில் ஏகப்பட்ட வரிகள் மாறிவிடும், அப்புறம் ஏதாவது கோளாறு வந்தால் எந்த வரி காரணம் என்று தேடுவது பெரும்பாடு.

எதில் திருத்தினாலும் சில தொல்லைகள் பொதுவானவை. லாஞ்சரில் (ஆட்டத்தைத் தொடங்கும் முன் வரும் சாளரம்) கிராஃபிக்ஸ் தரத்தை மாற்றினால் ஸ்கைரிம்ப்ரெஃப்ஸில் நீங்கள் எழுதியது அழியலாம். பலர் கோப்பை ரீட்-ஒன்லி (படிக்க மட்டும், மாற்ற முடியாது) ஆக்கிவிடச் சொல்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது, ஆட்டத்துக்குள் ஒலி அளவைக் குறைத்தால்கூடச் சேமிக்காது. ஸ்கைரிம்.இனியில் போக வேண்டிய வரிகளை ஸ்கைரிம்கஸ்டமில் எழுதுவது மேல், இரண்டிலும் ஒரே வரி இருந்தால் அங்கே இருப்பதே செல்லும். மாட் ஆர்கனைசர் 2 (ஆட்டத்தில் சேர்க்கும் மாட்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருந்தால் இன்னொன்று: அதில் உள்ள புரொஃபைலுக்கென்று தனி .இனி கோப்புகள் இருந்தால் ஆட்டம் அவற்றைத்தான் படிக்கும், மை கேம்ஸில் என்ன செய்தாலும் பயனில்லை.

யூகிரிட்ஸ்டூலோடு (uGridsToLoad, நம்மைச் சுற்றி எவ்வளவு நிலப்பரப்பை ஆட்டம் முழுதாக ஏற்ற வேண்டும் என்ற எண்) வரியை மட்டும் தொடாதீர்கள். 5ஐ 7 ஆக்கினால் தூரத்துக் காட்சி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியே சேமித்துவிட்டுத் திரும்ப 5க்கு இறக்கினால் சேமித்த ஆட்டம் திறக்காமல் கிராஷ் ஆகலாம், அதற்கு எந்த எடிட்டரும் உதவாது.

வேறு எதுவும் சரிவரவில்லை என்றால் இரண்டு கோப்புகளின் பெயரையும் மாற்றிவிட்டு லாஞ்சரைத் திறங்கள், புதிதாக உருவாகிவிடும். சேமித்த ஆட்டங்கள் சேவ்ஸ் ஃபோல்டரில் தனியாக இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.