சுடாத டோர்ச்சை நம்பாதீர்கள்

நீ பாவிக்கிற டோர்ச்சின் விலை குறைந்திருக்கிறது, இப்ப வாங்கலாமா என்று மச்சான் கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அலுமினிய உடம்பு, ஒரு 18650 பற்றரி (சார்ஜ் போட்டுப் பாவிக்கும் லித்தியம் பற்றரி), தூரத்துக்கு அடிக்கும் எல்.இ.டி. டோர்ச். தம்பலகாமத்தில் வயல் காவலுக்குப் பாவிக்கிறேன். வரம்பில் நின்று அடித்தால் வாய்க்காலுக்கு அப்பால் நிற்பது யானையா, பற்றையா என்று பிரித்துச் சொல்லலாம். மழை, சேறு எல்லாம் பார்த்துவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் வெக்கைக் காற்று வீசும் இந்தக் கச்சான் காலத்தில் வெள்ளை வெளிச்சம் நீலம் பாரிக்கத் தொடங்கியது, தூரமும் குறைந்தது. இத்தனைக்கும் கையில் பெரிதாகச் சுட்டதே இல்லை. திருகோணமலை டவுனில் திருத்தக் கொடுத்தேன். கடைத் தம்பி கழற்றிக் காட்டினபோது கோபம்தான் வந்தது. எல்.இ.டி. இருக்கும் வட்டத் தகட்டின் அடியில், நடுவில் மட்டும் பொட்டு வைத்ததுபோலத் தெர்மல் பேஸ்ட், அதாவது சூட்டைக் கடத்தும் பசை. சுற்றிவர வெறும் உலோகம், அதிலும் ஒரு மெல்லிய இடைவெளி.

பழைய குமிழ் டோர்ச்சில் சூட்டின் பெரும்பகுதி வெளிச்சத்தோடு முன்னால் போய்விடும். எல்.இ.டி.யில் அது பின்பக்கம் தகட்டுக்குள் இறங்கி, உடம்பு வழியாக வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் உள்ளேயே வேகும். வெள்ளை எல்.இ.டி. என்பது நீல வெளிச்சம் தரும் சிப்பின்மேல் மஞ்சள் பூச்சு. சூட்டில் அந்தப் பூச்சு கெட்டால் நீலம் வெளியே தெரியும். சூடு கூடினால் வெளிச்சத்தைக் குறைக்கும் ஏற்பாடு இதிலும் உண்டு. ஆனால் சூட்டை அளப்பது டிரைவர் தகடு, அதாவது எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தகடு. எல்.இ.டி.யின் சூடு அங்கே போய்ச் சேரவே இல்லையென்றால் அதற்கு என்ன தெரியும்?

பெட்டியில் 50,000 மணித்தியாலம் என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். சூடு ஒழுங்காக வெளியேறினால்தான் அந்தக் கணக்கு. இரவிலும் வெக்கை அடங்காத ஊரில் அது இன்னும் முக்கியம்.

தம்பி செப்புத் தகட்டில் புது எல்.இ.டி. போட்டு, பேஸ்டை முழுக்கப் பூசித் தந்தார். இப்ப முழு வெளிச்சத்தில் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே கழுத்துப் பக்கம் சுடுகிறது. அந்தச் சூடு கையில் பட்டதும் எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. கை சுடாத டோர்ச்தான் நல்லது என்று கடைகளில் சொல்வார்கள், உண்மை மறுவளம். சுட்டால் ஒரு படி குறைத்துப் பாவிக்கலாம். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆயுள் கூடும்.

பற்றரியையும் பாருங்கள். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு வைக்க வேண்டாம். சூடு ஆறாமல் சார்ஜ் போடவும் வேண்டாம். லித்தியம் பற்றரிக்குப் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் போடக் கூடாது.

இன்றைக்கு என்னிடம் இருப்பதைவிட நல்ல டோர்ச் நான் பாவித்ததில்லை. இருந்தாலும் மச்சானுக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். ஒரு சொட்டுப் பேஸ்டில் மிச்சம் பிடித்தவனுக்கு, விலை பாதியானாலும் என் காசு போகாது. ஏற்கனவே வாங்கியவர்கள் அடுத்த கச்சானுக்கு முன் ஒருக்கால் கழற்றிப் பார்க்கக் கொடுங்கள்.