தெரிந்த ஆட்கள் இருக்கிற கூட்டம்: யாழ்ப்பாணத்தில் குடியை விட்ட அனுபவம்

குடியை நிறுத்த யோசிக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அங்கை தெரிஞ்ச ஆக்கள் ஆரும் வருவினமோ?” என்றுதான். வருவார்கள். இது யாழ்ப்பாணம். ஊரைச் சொன்னால் குறிச்சியைக் கேட்பார்கள், குறிச்சியைச் சொன்னால் தகப்பன் பெயர் தானாக வரும். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் கூட்டத்துக்குச் சில வருடங்களாகப் போய்வருகிறவனாகச் சொல்கிறேன்: தெரிந்த ஒருவர் அங்கே இருந்ததுதான் எனக்கு நல்லதாய்ப் போனது.

கூட்டத்துக்கு முதல் வைத்தியரிடம் போங்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தோடு விடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு காய்ச்சல், பிதற்றல், இல்லாத பாம்பும் பூச்சியும் கண்ணுக்குத் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை என்பதால் செலவும் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

கூட்டத்தின் தொடர்பு இலக்கம் எனக்குக் கிளினிக்கில்தான் கிடைத்தது. எடுத்தவர் பெயர்கூடக் கேட்கவில்லை. “இண்டைக்குக் குடிச்சிருக்கிறீரோ?” என்றார். இல்லை என்றேன். “அப்ப பின்னேரம் வாரும், நான் சந்தியில சைக்கிளோட நிக்கிறன்” என்றார். சொன்னபடியே நின்றார். கிட்டப் போனதும் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. என் மாமாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “நடவும் தம்பி, தேத்தண்ணி ஆறப்போகுது.”

உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள், இஞ்சி போட்ட பிளேன்ரீ. ஒருவர் பேசினால் முடியும்வரை மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதுமில்லை. நம்மூரில் இது பெரிய விஷயம். குடிகாரன் வாய் திறந்தால் அறிவுரை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிற இடத்தில், என்னை முழுதாகக் கேட்ட முதல் ஆட்கள் இவர்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு தகரப்பேணி சுற்றி வரும், விரும்பினால் போடலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் தகுதி. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் தொடங்கிய காலத்திலிருந்து அடிப்படை இதுதான்: குடித்தவனோடு குடித்தவன் கதைப்பது.

அங்கே அடிக்கடி கேட்கிற கதை நல்லூர்த் திருவிழா. கொடியேறினால் மச்சமும் இல்லை, போத்தலும் இல்லை. “25 நாள் தொடாமல் இருந்தனான், நான் எப்படி அடிமை?” என்று வீட்டில் வாதாடாதவர் குறைவு. ஆனால் அந்த விரதத்துக்கு முடிகிற நாள் முதலே தெரியும். பூங்காவனம் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டே நாள் போகும். முடிவு நாள் இல்லாமல் நிறுத்துவது முற்றிலும் வேறு வேலை. அதனால்தான் கூட்டத்தில் இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொள்கிறோம்.

நம்மிடத்தில் கஷ்டமான காலம் என்றால் ஆடி, ஆவணிதான். கனடா, லண்டன் சொந்தங்கள் டியூட்டி ஃப்ரீ போத்தலோடு வந்து இறங்குவார்கள். அதைவிடக் கஷ்டம் செத்தவீடு. ஒருமுறை பின்வளவில் போத்தல் திறந்து எனக்கும் ஒரு கிளாஸ் வார்த்துவிட்டார்கள். அன்று சந்தியில் சைக்கிளோடு நின்ற அந்த அண்ணையும் அங்கே வந்திருந்தார், தூரத்திலிருந்தே கண்டிருக்கிறார். “தம்பி, பந்தல்காரன் கூப்பிடுறான், ஒருக்கா வாரும்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பந்தல்காரன் ஒருவரும் கூப்பிடவில்லை. ஒழுங்கை முடியுமட்டும் இருவரும் நடந்தோம். ஊர் தெரியாத ஒருவர் இதைச் செய்திருக்க முடியாது. அவரைக் கூட்டத்தில் கண்டதை நானும் வெளியே சொன்னதில்லை, என்னைக் கண்டதை அவரும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரகசியம் என்பதால் அது கசிவதில்லை.

குறைகளும் உண்டு. சிலர் நீட்டி முழக்குவார்கள். கடவுள் பற்றிய பேச்சு எல்லாருக்கும் ஒத்துவராது, ஆனால் அவரவர் விளங்கிக்கொண்ட கடவுள் என்றுதான் அங்கே சொல்வது. நான் போகிற கூட்டத்தில் பெண்களைக் கண்டதில்லை. குடியால் கஷ்டப்படுகிற பெண்கள் இந்த ஊரில் எங்கே போய்ச் சொல்வார்கள் என்று யோசித்தால் மனம் பாரமாகிறது. இன்னொன்று, வைத்தியர் தந்த குளிசையும் போதைதான், நிறுத்து என்று ஒரு மூத்தவர் ஒருவரிடம் சொன்னதைக் கேட்டேன். அதைக் கேட்காதீர்கள். வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரைக்கும் குளிசையைப் போடுங்கள்.

என் ஒருவனின் கதை போதாது என்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, 10,000க்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், இந்தக் கூட்டங்களோடு இணைக்கிற முறைப்படியான சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது.

வீட்டுக்காரருக்கு ஒன்று. குடிக்கிறவர் கூட்டத்துக்குப் போக மறுத்தால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று 1951இல் தொடங்கிய அல் அனொன் என்ற அமைப்பு தனியாக இருக்கிறது, கிட்டடியில் அப்படிக் கூட்டம் நடக்கிறதா என்று தொடர்பு இலக்கத்தில் கேட்டுப் பாருங்கள். போகச் சம்மதித்தவருக்கு முதல் நாளே பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. பெயரை மட்டும் சொல்லி, “நான் இண்டைக்குக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்” என்றால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.