பார்சிலோனா பழைய கால்பந்து நடைச் சுற்றுலா: மூன்றரை ஸ்டார்

மெஸ்ஸிக்காகப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது, ஸ்டேடியத்துக்குள் காலே வைப்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன் பார்சிலோனா அணி ஆடிய இடங்களைத் தெருத்தெருவாகக் காட்டுகிறார்கள், பேச்சு பெரும்பாலும் ஜோசெப் சமித்தியர் என்ற ஃபார்வர்டைப் பற்றி. எனக்கு அதுதான் வேண்டும்.

பார்சிலோனாவிலேயே உள்ள பாரிஸ் தெரு என்ற தெருவில் இப்போது அடுக்குமாடிகள்தான். 1909 முதல் 1922 வரை கிளப்பின் மைதானம் இருந்தது இங்கே. இடம் கிடைக்காதவர்கள் மதில்மேல் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார்களாம், தெருவில் போகிறவர்களுக்கு வரிசையாகப் பின்புறங்கள் மட்டும் தெரியும். அந்தப் பழைய போட்டோவை கைடு அதே தெருவில் நிறுத்திவைத்துக் காட்டினார் பாருங்கள், பாதிக் காசு அதற்கே போகட்டும். சமித்தியர் 1919இல் 17 வயதில் வந்து சேர்ந்ததும் இந்த மைதானத்துக்குத்தான். சேர்ந்ததற்கு அவருக்குக் கிடைத்தது இருட்டில் ஒளிரும் ஒரு கைக்கடிகாரமும் ஒரு கோட்டு சூட்டும் என்று சொல்வார்கள். அடுத்த வருஷமே ஸ்பெயின் கோப்பையும், ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் நாட்டுக்காக வெள்ளியும். அந்தரத்தில் எகிறிப் பந்தை அடிப்பாராம், அதனால் வெட்டுக்கிளி மனிதன் என்று பட்டப்பெயர். அவரையும் அதே அணியின் கோல் வீரர் அல்காந்தராவையும் பார்க்க வந்த கூட்டம் அங்கே கொள்ளவில்லை, 1922இல் லெஸ் கோர்ட்ஸ் என்ற பெரிய மைதானத்துக்கு மாறினார்கள்.

இதுவரை அருமை. அப்புறம்தான் கைடுக்கு நேரமாகிவிட்டது. பார்சிலோனாவின் செல்லப்பிள்ளை சமித்தியர் கிளப்போடு மனக்கசப்பாகி, பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்கே போய், 1933இல் அங்கே லீக் பட்டமும் வாங்கினாரே, அதை ஒரே வரியில் முடித்துவிட்டார். உள்நாட்டுப் போர் வெடித்ததும் பிரான்ஸுக்குத் தப்பி நீஸ் அணியில் ஆடியது, பிறகு பார்சிலோனாவுக்கே பயிற்சியாளராகத் திரும்பி 1945இல் லீக் ஜெயித்துக் கொடுத்தது, பின்னாளில் பெரிய நட்சத்திரமான குபாலா என்ற வீரரைக் கிளப்புக்குக் கொண்டுவந்தது எதுவுமே இல்லை. மாட்ரிட்டுக்குப் போனவரை ஊர் எப்படித் திரும்பச் சேர்த்துக்கொண்டது என்று கேட்கத்தானே நான் டிக்கெட் எடுத்தேன்! கேட்டதற்கு, கடைசியில் பேசலாம் என்றார். கடைசியில் ஆளைக் காணோம்.

காதில் மாட்டிவிடும் ஹெட்செட்டும் சந்தடியான தெருக்களில் கரகரக்கிறது, கைடுக்குப் பக்கத்திலேயே நடப்பது நல்லது. வழியில் கழிப்பறைக்கென்று நிறுத்தமாட்டார்கள், சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.