கோத்தகிரியில் வாங்கின பி.பி. மெஷின்: மெஷின் நல்லது, பட்டையைப் பார்த்து வாங்குங்கள்

கர்ப்பத்தின் ஆறாம் மாதச் செக்கப்பில் எனக்கு பி.பி. 138/88. "140/90 தொட்டா விடக்கூடாதும்மா, வீட்டிலயும் பாரு" என்று நர்ஸ் அக்கா சொன்னார். அன்றைக்கே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கலில் இதை வாங்கினோம். புஜத்தில் கட்டுகிற வகை, 1,850 ரூபாய்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கூட வந்த, புஜத்தில் சுற்றுகிற பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான். தையல் டேப்பால் அளந்தால் என் கை 35. பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். முதல் நாள் 152 என்று காட்டி வீடே பதறிவிட்டது. பெரிய பட்டை தனியாக 600 ரூபாய். அதைக் கட்டினதும் 136. கடைக்காரர் வாங்கும்போதே கையை அளந்திருக்கலாம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப்போய் அவர்கள் கருவியோடு ஒப்பிட்டேன், நாலு புள்ளிதான் வித்தியாசம். கர்ப்ப காலத்தில் சில மெஷின்கள் குறைத்தும் காட்டுமாம், அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

34-வது வாரம், நல்ல மழை. மத்தியானத்திலிருந்து தலைவலி. அத்தை சுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "குளிருக்கு வலிக்கும், படுத்துக்கோம்மா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் காலையில் லூசாக இருந்த மோதிரம் ராத்திரி கழலவில்லை. சோப்பு போட்டு உருட்டியும் நகரவில்லை, விரல் மினுமினுவென்று வீங்கியிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து அளந்தேன். 162/108. கால் மணி நேரம் கழித்து 164/110. உடனே 108 ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பனிமூட்டத்தில் வண்டி ஊர்ந்துதான் இறங்கியது.

சிறுநீரில் புரதம் இருந்தது. ப்ரீ-எக்லாம்சியா என்றார்கள், கர்ப்பத்தில் பி.பி. ஏறித் தாயையும் குழந்தையையும் பாதிக்கிற நோய். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஊசி, மறுநாள் ஆபரேஷன். மகள் 2 கிலோ 100 கிராம்.

குழந்தை பிறந்துவிட்டால் பி.பி. இறங்கிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். பிரசவமாகி மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஏறுவது சகஜமாம். வீட்டுக்கு வந்தபின்னும் காலை, சாயங்காலம் பார்த்தேன். ஒரு நாள் 152/98 வந்தது. டாக்டருக்குப் போன் செய்ததும் மாத்திரையைக் கூட்டினார். ஆறு வாரம் இப்படியே பார்த்துக் குறித்து வைத்தேன்.

திரையில் வெளிச்சம் கிடையாது. கரண்ட் போனால் டார்ச் வேண்டும். மற்றபடி நாலு பேட்டரி ஐந்து மாதமாக ஓடுகிறது. இப்போது மெஷின் பக்கத்து லைன் வீட்டில் இருக்கிறது, அந்தத் தங்கைக்கு ஏழாம் மாதம். அவள் கைக்குச் சின்னப் பட்டையே சரியாக இருக்கிறது.